வெளிக்கிடும்போது சொல்லக்கூடாதவை

அந்தச் சப்பாத்து புதிது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். கயிறு இன்னும் கடையில் கட்டின மாதிரியே கிடக்கிறது. தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்றா பார்க்கிறீர்கள்? உங்கள் பையிலிருந்து சம்பல் வாசம் வருகிறது. முன் இருக்கையில் இருக்கிற அந்தப் பெட்டை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும். இருங்கோ, எழும்ப வேண்டாம், எனக்கு இடம் காணும்.

யோகநாயகத்தின் ஆட்களோடுதானே போகிறீர்கள்? பனிநடைச் சங்கம். ஞாயிற்றுக்கிழமை விடியச் சம்பலோடு மலைக்குப் போகிற தமிழர் வான்கூவரில் வேறு யார் இருக்கிறார்கள்? மற்றவர்கள் காரில் போய்விட்டார்கள், உங்களுக்கு இன்னும் கார் இல்லை, அதனால் பஸ். சரிதானே? டொரன்டோவிலிருந்து வந்து எவ்வளவு நாள்? ஓ, இப்போதுதான். அப்படியென்றால் உங்களுக்கு இந்த மலை தெரியாது. அங்கே பனி விழும், கிடக்கும், அள்ளி ஒதுக்குவீர்கள். இங்கே அது நிற்காது. நகரும்.

ஆனைமுதுகுக்கா போகிறீர்கள்? அப்படித்தான் நினைத்தேன். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நாங்கள்தான் ஆனைமுதுகு என்று வைத்தோம். கீழே நின்று பார்த்தால் ஆனை ஒன்று படுத்திருக்கிற மாதிரி, வழுவழுவென்று, ஒரு மரம் இல்லாமல் இருக்கும். மரம் ஏன் இல்லை என்று அந்தச் சங்கத்தில் ஒருவரும் யோசித்ததில்லை. நான் மட்டும் யோசித்தேன். மரம் முளைக்கத்தான் முளைக்கிறது. சில வருடத்துக்கு ஒருக்கால் மேலிருந்து வருகிற பனி அடியோடு வழித்துக்கொண்டு போய்விடுகிறது. சீவின தலை மாதிரி இருக்கிற இடமெல்லாம் அதுதான். வடிவாக இருக்கிறது என்று அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள்.

நான் கடைசித் தரிப்பு வரை போகிறேன். மேலே ஹோட்டலில் கொதிகலன் பார்க்கிற வேலை. ஞாயிறும் உண்டு. நல்லதுதான். வீட்டில் இருந்தால் மனிசி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நானும் அந்தச் சங்கத்தில் இருந்தவன்தான். அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். என் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். 'மரண அறிவித்தல்' என்று கேட்டுப்பாருங்கோ, உடனே தெரியும். எனக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஊரில் ரேடியோவில் போகும், நினைவிருக்கிறதா? இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட... எங்கள் வீட்டில் அந்த நேரம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.

ஏன் வைத்தார்கள்? நான் அறிக்கை வாசித்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். பனிச்சரிவு அறிக்கை என்று ஒன்று ஒவ்வொரு நாளும் போடுகிறார்கள், போனில் பார்க்கலாம். மலை உச்சிக்கு ஒன்று, மரம் முடிகிற எல்லைக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. ஆபத்து ஐந்து படியாக இருக்கும். நாலும் ஐந்தும் என்றால் மடையனும் வீட்டில் நிற்பான். ஆட்களைக் கொல்வது மூன்றாம் படி. ஐந்தில் மூன்று நடுவில்தானே, பாதிக்குப் பாதி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். மூன்று என்றால் நீங்கள் கால் வைத்தாலே உடையலாம் என்று அர்த்தம்.

நான் காலையில் எழும்பினால் பல்லுத் தீட்ட முதல் அதைத்தான் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன்.

சரி, அதை விடுங்கோ.

வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, போறன் என்று சொல்லக் கூடாது, போட்டு வாறன் என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். என் அம்மா, நான் படலையைத் தாண்டும்போது யாராவது தும்மினால் திரும்பக் கூப்பிட்டுத் தண்ணி தருவா. அதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலை அடிவாரத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு யோகநாயகம் "சரி, வெளிக்கிடுவம்" என்கிற நேரத்தில்தான் அறிக்கை வாசிக்க வேண்டியிருக்கிறது. வேறு எப்போது வாசிப்பது? வீட்டில் வைத்து வாசித்தால் ஒருவரும் கேட்பதில்லை. அறிக்கையில் என்ன இருக்கும்? புதையலாம், மூச்சு முட்டலாம், சாகலாம். அதைத்தான் எழுதியிருப்பான். நான் அதைத்தான் வாசிப்பேன்.

"அண்ணை, வெளிக்கிடேக்கை வாயைக் கழுவிப்போட்டுக் கதையுங்கோ" என்று பெண்கள் சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எனக்கு முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

யோகநாயகத்தைக் கண்டிருக்கிறீர்களா? வடிவான ஆள். வயது என் வயதுதான், ஆனால் மயிர் கறுப்பு. எல்லாரையும் தோளில் கை போட்டுத்தான் கதைப்பார். உங்களுக்கும் போட்டிருப்பார். போட்டாரா? ம். அந்தக் கை பட்டால் மனிதனுக்கு மூளை வேலை செய்யாது.

போன மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தரிப்பு வர இன்னும் நேரம் இருக்கிறது.

அந்தக் கிழமை முழுக்க முகில் இல்லாமல் வெளித்த வானம். இரவில் நல்ல குளிர். அப்படியான இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இன்னொரு பனி பூக்கும், கண்ணாடி இறகு மாதிரி. வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. பிறகு புயல் வந்து அதற்கு மேலே கொட்டிவிட்டுப் போனது. விளங்குகிறதா? நீங்கள் பிட்டு அவிக்கிற குழல் பார்த்திருப்பீர்கள். மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ. வெளியே தள்ளினால் எங்கே உடைகிறது? தேங்காய்ப்பூ இருக்கிற இடத்தில். மா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உடைவது அங்கேதான். மலையும் அதுதான். மேலே எவ்வளவு இறுக்கமாகக் கிடந்தாலும் நடுவில் அந்த இறகு ஒரு மெல்லிய அடுக்காகக் கிடக்கும். கடலோர மலைப் பனி ஈரமானது, பாரமானது, சீக்கிரம் ஒட்டிவிடும், ஒரு நாள் பொறுத்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். யோகநாயகமும் அதை எங்கோ கேட்டுவிட்டார். அநேகமாக உண்மைதான். ஆனால் அந்த இறகு மேலே பூத்துக் கிடந்தால் உண்மை இல்லை.

இதை நான் அன்றைக்கு வாசித்தேன். மூன்றாம் படி என்று இருந்தது. நான் வாசிக்கத் தொடங்கவே யோகநாயகம் தேங்காய்ப் பாதியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, அந்த ரேடியோக் குரலில், "இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இராசநேசனின் மனிசி தவமலரும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. இராசநேசன் என் கூட்டாளி. சங்கத்தில் நான் சொன்னதைக் கேட்கிற ஒரே ஆள் அவன்தான். புதைந்தால் தேடிப் பிடிக்கிற கருவி இருக்கிறதல்லவா, நெஞ்சில் கட்டுகிறது, மற்றவர் கருவிக்குச் சமிக்ஞை அனுப்பும். அதை நான் சொல்லித்தான் வாங்கினான். மற்றவர்கள் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அவன் கட்டுவான். அன்றைக்கும் கட்டியிருந்தான். அவன் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்கிறவர்களை நிறுத்தவும் இல்லை.

யோகநாயகம் வந்து தோளில் கை போட்டார். "அண்ணை, கோவிக்காதேயுங்கோ. இண்டைக்கு ஒரு நாள் வாய் திறக்காமல் வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி காரிலை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

நான் "சரி" என்றேன்.

சரி என்றால் சரிதானே? நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. அதை யாரும் சொல்வார்கள்.

ஏறினோம். மரங்களுக்குள்ளே பாதை. வழியில் மரமில்லாத ஒரு வெட்டையில் காலடியில் 'ஊம்' என்று ஒரு சத்தம். மேல் வீட்டில் அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி. முழு வெட்டையும் ஒருக்கால் இருந்து எழும்பினது. அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உள்ளே அந்த இறகு அடுக்கு உடைகிறது, திரும்பிப் போ என்று மலையே வாயால் சொல்கிறது. யோகநாயகம் என்ன சொன்னார் தெரியுமா? "மலைக்குத் திண்டது செமிக்கேல்லை, ஏவறை விடுது." அதற்கும் சிரிப்பு. பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டியிருந்த என் பனிச்சப்பாத்தின் நுனியிலிருந்து ஒரு வெடிப்பு முன்னுக்கு ஓடினது. நான் பார்த்தேன். எனக்கு முன்னால் போனவர்கள் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதானே கதை.

பிறகு மரம் முடிகிற இடம். அங்கிருந்து ஆனைமுதுகைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கம் சாப்பிடுகிற பாறை. அப்படியான சரிவைக் கடக்கிற முறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். ஒருவர் போகும்போது மற்ற எல்லாரும் மரத்தடியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாரமும் குறையும், ஏதும் நடந்தால் எங்கே போனார் என்றும் தெரியும். இதைப் போன வருடங்களில் நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அது அருவருப்பு. "ஒண்டா வெளிக்கிட்டனாங்கள், ஒண்டாப் போவம். ஒராளைத் தனியத் தள்ளிவிட்டிட்டுப் பார்த்துக்கொண்டு நிக்கிறது என்ன மனிசத்தனம்?" யோகநாயகம் அன்றைக்கும் இதைத்தான் சொன்னார். கையைக் கோத்துக்கொண்டார்கள். கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு வரிசை. ஒருத்தி வீடியோ எடுத்தாள்.

நான் கடைசி மரத்தடியில் நின்றேன். அது பிழையா? முறைப்படி அங்கேதான் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டும். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

வரிசையில் கடைசி ஆள் இராசநேசன். கொஞ்சத் தூரம் போய்விட்டு அவன் திரும்பிப் பார்த்தான். இப்படி, முகத்தை நிமிர்த்தி நாடியைக் கொஞ்சம் மேலே தூக்கி. என்ன அண்ணை, என்கிற மாதிரி. நான் அப்போது குனிந்து சப்பாத்து வாரைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

அது கேட்டதாகக் கணக்கா? நீங்களே சொல்லுங்கோ. ஒருவன் நாடியைத் தூக்கினால் அது கேள்வியா? வாய் திறந்து ஒரு சொல் கேட்டிருக்கலாம். அண்ணை, போகலாமோ என்று. அவ்வளவுதானே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதை நான் இரவிலே படுத்துக்கிடந்து திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். என்னில் பிழை இருக்கிறதா என்று எல்லாப் பக்கத்தாலும் பார்த்திருக்கிறேன், நான் அப்படியான ஆள். அந்த வார் உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது.

நான் நிமிரும்போது மேலே ஒரு கோடு ஓடினது, கடதாசி கிழிகிற மாதிரி. பிறகு ஆனைமுதுகு முழுக்க இறங்கினது.

அதை விவரிக்க நான் விரும்பவில்லை. சத்தம் நின்றபோது பலர் விளிம்பில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தார்கள். யோகநாயகம் கண்ணாடி இல்லாமல் நாலு காலில் நின்றுகொண்டு "முருகா, முருகா" என்றார். இராசநேசனைக் காணவில்லை. தவமலர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவனிடம் கருவி இருந்தது, என்னிடம் கருவி இருந்தது. நான் தேடினேன், நான்தான் தோண்டினேன். ஈரப்பனி நின்றவுடன் சீமெந்து மாதிரி இறுகிவிடும். என் நகம் இரண்டு போய்விட்டது, இந்தா பாருங்கோ. முகம் வெளியே வந்தபோது நீலமாக இருந்தது. வாய்க்குள்ளிருந்து பனியை விரலால் கிண்டி எடுத்தேன். மூச்சு வந்தது.

அவனுக்கு உடைந்த இடுப்பெலும்பு பொருந்தாமல் போய்விட்டது. இப்போது தடியோடுதான். வேலையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தவமலர் ஒரு மர வாங்கில் குந்தியிருந்தாள். நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் கோப்பையை வாங்காமல் கேட்டாள்: "அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுகொண்டு அங்கை நிண்டு பார்த்தனியளோ?"

பாருங்கோ. புருசனைத் தோண்டி எடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? காலையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள். நான் அந்தத் தேத்தண்ணியைக் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். நன்றியில்லாத சனம். அன்றைக்குத் தொடங்கினது எனக்கு இந்த அருவருப்பு. சோறு தின்னும்போதும் தொண்டையில் நிற்கும்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கோ. சித்திரையில் கோயில் மண்டபத்தில் ஒரு விழா வைத்தார்கள். உயிர் தப்பியதற்கு நன்றிப் பூசை என்றார்கள். போய்ப் பார்த்தால் மேடையில் யோகநாயகம். பொன்னாடை போர்த்துகிறார்கள். எதற்கு? 'ஒருவரையும் இழக்காமல் அழைத்து வந்த தலைமைத்துவத்துக்கு.' பதாகையில் அப்படியே எழுதியிருந்தது. யோகநாயகம் மைக்கைப் பிடித்து, ஆனைமுகன்தான் ஆனைமுதுகில் எங்களைக் காப்பாற்றினவர் என்று சொன்னார். கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆள் வடை தின்றுகொண்டே கைதட்டினான், என் மேற்சட்டையில் எண்ணெய்த் துளி பட்டது.

பொன்னாடை போர்த்தினது யார் தெரியுமா? இராசநேசன். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யோகநாயகம் அவனுக்கு முன்னால் குனிந்து நின்றார், அவன் போர்த்தினான். போர்த்திவிட்டு அவன் சனத்துக்குள்ளே யாரையோ தேடினான். கடைசி வரிசையில் என்னைக் கண்டான். மேடையிலிருந்து நாடியைத் தூக்கினான். அதே மாதிரி.

நான் எழும்பி வந்துவிட்டேன்.

இப்போதும் எனக்குப் போன் அடிப்பான். நான் எடுப்பதில்லை. என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். மனிசி சொல்கிறாள், சும்மா சுகம் விசாரிக்கத்தான் அடிக்கிறான் என்று. அவளுக்கு என்ன தெரியும்.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவு எடுத்தேன். வாய் திறந்து கேட்காத ஒருவனுக்கும் நான் சொல்வதில்லை. இதுதான் என் முறை. ஹோட்டலில் எத்தனை பேர் முதுகில் பனிச்சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நான் கதவைத் திறந்துவிடுகிறேன். அவ்வளவுதான்.

இந்த வளைவைப் பார்த்தீர்களா? வழக்கமாக இந்த உயரத்தில் மழை பனியாக மாறிவிடும். இன்றைக்கு இன்னும் மழைதான். கண்ணாடியில் வழிகிறது பாருங்கோ. அந்த மரக் கொப்புகளிலிருந்து பனி தானாக விழுகிறது. நான் சும்மா சொல்கிறேன். வழியில் தெரிகிறதைச் சொல்கிறேன். போன கிழமை எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? வெளித்த வானம், நல்ல குளிர். ஓம். வியாழக்கிழமை பனி கொட்டினது. ஓம்.

நீங்கள் ஒன்றும் கேட்க மாட்டீர்கள் போலிருக்கிறது. நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறார்கள். வெளிக்கிடும்போது ஒன்றும் கேட்கக் கூடாது.

என்ன சொன்னீர்கள்? யார்? இராசநேசனா? அவன் எங்கே வருகிறான், தடியோடு? ஓ, கார் நிறுத்துகிற இடத்தில் இருந்து எல்லாருக்கும் தேத்தண்ணி பார்ப்பானாம். தவமலர்? அவள் ஏறுகிறாளா? ஆனைமுதுகுக்கா? அவளே ஏறுகிறாளா? ஏன்? நேர்த்திக்கடனா? போன வருடம் கடக்காமல் விட்டதைக் கடந்து, அந்தப் பாறையில் கர்ப்பூரம் கொளுத்தப்போகிறாளா?

மடைச்சி. மடைச்சி.

இந்தச் சம்பல் அவள் அரைத்து உங்களிடம் நேற்றே தந்துவிட்டதா? எனக்கு வாசத்திலேயே பட்டது. தேசிக்காய்ப் புளி கூடுதலாக விடுவாள்.

இல்லை, ஒன்றுமில்லை. எனக்குப் பஸ்ஸில் இருந்தால் ஒரு மாதிரி வரும்.

உங்கள் தரிப்பு. அந்தா, நிற்கிறார்கள். சிவப்பு மேற்சட்டைதான் யோகநாயகம். குடைக்குக் கீழே கர்ப்பூரம் கொளுத்தப் பார்க்கிறார், மழையில் பிடிக்குதில்லை. கையில் தேங்காய். எல்லாரும் சிரிக்கிறார்கள். தவமலர் ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டாள். காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறானே தடியோடு, அவன்தான். எவ்வளவு மெலிந்துபோனான்.

சரி, இறங்குங்கோ. போட்டு வாங்கோ. பையை மறக்காதேயுங்கோ.

பஸ்ஸைப் பார்க்கிறான். என்னைக் கண்டுவிட்டான். இந்தக் கண்ணாடியில் இவ்வளவு தண்ணி வழியும்போது எப்படிக் கண்டான்? அந்தா. பாருங்கோ அவனை. நாடியைத் தூக்குகிறான். சனியன், நாடியைத் தூக்குகிறான்.

தள்ளுங்கோ. வழி விடுங்கோ, தம்பி, நான் முதல் இறங்கவேணும். டிரைவர், கதவு! வேலையாவது மண்ணாவது, கொதிகலன் ஒரு நாள் ஆறிக் கிடக்கட்டும். உங்களுக்காக எண்டு நினைக்காதேயுங்கோ, உங்களை எனக்கு ஆரெண்டே தெரியாது. தள்ளுங்கோ!

ஓய் யோகநாயகம்! அந்தக் கர்ப்பூரத்தை அணையும்! தவமலர், பையைக் கழட்டு! ஒருத்தரும் அசையக் கூடாது. மரண அறிவித்தல் வந்திருக்கு. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ!